குப்லாயா, அரிக் போகேயா? மங்கோலியரின் பங்காளிச் சண்டை (1260–1264): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் போர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

செங்கிஸ் கானின் பேரன்கள் இருவர், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், 1260-ல் ஒரு மாத இடைவெளியில் தனித்தனியாகப் பேரரசராக முடிசூட்டிக்கொண்டார்கள். அண்ணன் குப்லாய், தம்பி அரிக் போகே. அடுத்த நான்கு ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள். 1264-ல் தம்பி சரணடைந்தார். குப்லாய் ஜெயித்தார். ஆனால் எந்தப் பேரரசுக்காகச் சண்டை போட்டாரோ, அது அதற்குள் கைநழுவிப் போயிருந்தது.

சண்டை ஏன் வந்தது? முந்தைய பேரரசருக்கு வாரிசு இல்லையா?

வாரிசுக்குக் குறைவில்லை. முறைதான் குழப்பம். மங்கோலியரிடம் மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதி கிடையாது. ஒரு கான் இறந்தால் குடும்பத்து இளவரசர்களும் தளபதிகளும் குருல்தாய் என்ற சபையைக் கூட்டி அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கூட்டத்தைக் கூட்டுவதற்கே இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். அதுவரை ராணியோ ஒரு இளவரசரோ பொறுப்பில் இருப்பார்.

குப்லாய்க்கும் அரிக் போகேக்கும் மூத்த அண்ணன் மோங்கே. 1251 முதல் பேரரசர். 1259 ஆகஸ்ட் 11 அன்று, தெற்குச் சீனாவின் சோங் அரசுக்கு எதிரான படையெடுப்பில், இன்றைய சோங்சிங் பகுதியிலுள்ள தியாவ்யூ மலைக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது இறந்துபோனார். வயிற்றுப்போக்கு என்று ஒரு கதை, கோட்டையிலிருந்து வந்த கல்லடி என்று இன்னொரு கதை. யாரையும் வாரிசாக அறிவித்துவிட்டுப் போகவில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மோங்கே பதவிக்கு வந்ததே ஒரு குடும்பப் புரட்சியால்தான். செங்கிஸ் கானுக்குப் பிறகு மூன்றாவது மகன் ஒகோதேயின் கிளைதான் ஆண்டது. கடைக்குட்டி தோலுயின் விதவையும் இந்தச் சகோதரர்களின் தாயுமான சோர்காக்தானி பெகி, மூத்த மகன் ஜோச்சி கிளையின் பாத்து கானோடு கூட்டுச் சேர்ந்து பட்டத்தைத் தன் பிள்ளைகள் பக்கம் திருப்பினார். ஒகோதேய் கிளையில் பலர் கொல்லப்பட்டார்கள். அப்படிப் பறித்த சிம்மாசனத்துக்காக அவருடைய பிள்ளைகளே ஒன்பது வருடத்தில் மோதிக்கொண்டார்கள். 1252-லேயே அவர் இறந்துவிட்டதால் இதைப் பார்க்கும் துர்ப்பாக்கியம் இல்லாமல் போயிற்று.

மோங்கே இறந்தபோது சகோதரர்கள் எங்கே இருந்தார்கள்?

மூன்று பேரும் மூன்று திசையில். ஹுலாகு மேற்கே. பாக்தாதை 1258-ல் அழித்துவிட்டு சிரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். குப்லாய் சீனாவில் யாங்சே நதிக்கரையில், சோங் அரசின் எஜோ நகரை (இன்றைய வூஹான் பகுதி) நோக்கிப் படையோடு. கடைசித் தம்பி அரிக் போகே மட்டும் மங்கோலியாவில், தலைநகர் காரகோரத்தில், அண்ணன் போகும்போது ஒப்படைத்த நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குப்லாய் இங்கே நடந்துகொண்டதுதான் விசித்திரம். அண்ணன் இறந்த செய்தி வந்தும் திரும்பாமல் யாங்சேயைக் கடந்து எஜோவை முற்றுகையிட்டார். வெறுங்கையோடு திரும்பினால் மதிப்பிருக்காது என்று நினைத்திருக்கலாம். அவரை அசைத்தது மனைவி சாபி அனுப்பிய ஆள். அரிக் போகேயின் ஆட்கள் குப்லாயின் சொந்தப் பகுதிக்குப் பக்கத்திலேயே படை திரட்டுகிறார்கள், சீக்கிரம் வாருங்கள் என்பது செய்தி. சோங் அமைச்சர் ஜியா சிதாவோவுடன் அவசரமாக ஒரு பேச்சுவார்த்தை நடத்திவிட்டு குப்லாய் வடக்கே ஓடினார். சாபி அந்தத் தூதனை அனுப்பியிருக்காவிட்டால் இந்தப் பக்கத்துக்கே தலைப்பு மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

சட்டப்படி யாருடைய பட்டம் செல்லும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். குப்லாய் 1260 மே 5 அன்று, உள் மங்கோலியாவில் தான் கட்டிய கைபிங் நகரில் (பிற்பாடு ஷாங்டு) ஒரு குருல்தாயைக் கூட்டிப் பட்டம் சூடினார். அரிக் போகே ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து காரகோரம் பக்கம் தன் குருல்தாயைக் கூட்டினார். தேதியை மட்டும் பார்த்தால் குப்லாய் முந்திக்கொண்டார். அதனால்தான் பல புத்தகங்கள் அரிக் போகேயைக் ‘கலகக்காரன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன.

எனக்கு அதில் உடன்பாடில்லை. குருல்தாய் பூர்விக மண்ணில் கூட வேண்டும், எல்லாக் கிளைகளும் வர வேண்டும் என்பது வழக்கம். குப்லாயின் கூட்டம் நடந்தது சீன எல்லையோரம். மேற்கத்திய கிளைகளிலிருந்து முக்கியமான யாரும் வரவில்லை. அரிக் போகேயோ தாய்மண்ணில், தலைநகருக்குப் பக்கத்தில், இறந்த பேரரசரின் குடும்பமும் தலைமைச் செயலர் போல்காயும் கூட இருக்கப் பட்டம் ஏற்றார். குடும்பத்து அடுப்பும் தாய்நிலமும் கடைசி மகனுக்கு என்ற பழைய மங்கோலிய வழக்கமும் அவர் பக்கம்தான். இரண்டு கூட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. குப்லாயின் ஓட்டை பெரியது.

யார் யார் எந்தப் பக்கம்?

அரிக் போகே பக்கம் மோங்கேயின் மகன்கள், அதிலும் குறிப்பாக அசுதாய். மத்திய ஆசியாவில் செங்கிஸ் கானின் இரண்டாவது மகன் சகதாய் கிளையின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி ஒர்கானாவும் ஆதரவு. வோல்கா பக்கம் பொன் குழு என்றழைக்கப்படும் ஜோச்சி கிளையின் பெர்கேயின் சாய்வும் இங்கேதான்: அவருடைய ஆட்சியிலிருந்த புல்கர் நகரில் அரிக் போகே பெயரில் நாணயம் அடித்திருக்கிறார்கள். ஒகோதேயின் பேரன் கைதுவும் இந்தப் பக்கம்.

குப்லாய்க்குக் கிழக்கு மங்கோலிய இளவரசர்கள், முக்கியமாகத் தகாசார். ஒகோதேயின் மகன் கதான். வடக்குச் சீனாவின் சீனத் தளபதிகள். லியன் சீசியன் என்ற உய்குர் அதிகாரி. பாரசீகத்தில் இருந்த ஹுலாகுவும் கடைசியில் குப்லாயையே ஏற்றுக்கொண்டார்.

தலைகளை எண்ணினால் அரிக் போகே பலவீனமானவர் இல்லை. ஆனால் அவருடைய ஆதரவாளர்களில் பாதிப் பேர் மாதக்கணக்கில் குதிரை ஓட்டினால்தான் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருந்தார்கள்.

சரி, குப்லாய் எப்படி ஜெயித்தார்? படை பெரியதா?

படையைவிடத் தானியம்தான் காரணம்.

காரகோரம் ஓர்கோன் பள்ளத்தாக்கில் ஒகோதேய் மதில் கட்டி வளர்த்த நகரம். சுற்றிலும் மேய்ச்சல் நிலம். அரண்மனை, அதிகாரிகள், கைவினைஞர்கள், வியாபாரிகள், தூதர்கள் என்று அங்கே கூடியிருந்த கூட்டத்துக்குச் சோறு போட அந்த மண்ணால் ஆகாது. ஒகோதேய் காலத்தில் தினமும் 500 வண்டிகள் உணவும் பானமும் ஏற்றிக்கொண்டு அங்கே வந்ததாகப் பாரசீக வரலாற்றாளர் ரஷீத் அல்-தீன் எழுதுகிறார். தானியம் சுமந்த பெரிய வண்டிகளைப் பல ஜோடி எருதுகள் இழுக்க வேண்டியிருந்தது. வண்டிகள் பெரும்பாலும் கிளம்பிய இடம் சீனா. வடக்குச் சீனா இப்போது குப்லாயின் கையில்.

குப்லாய் வண்டிகளை நிறுத்தினார். விலை ஏறியது, பஞ்சம் வந்தது. அரிக் போகேக்கு மிச்சம் இருந்த வழிகள் நான்கு: கான்சு பகுதி, உய்குர் பகுதி, வடக்கே யெனிசெய் ஆற்றின் மேல் பள்ளத்தாக்கு, மேற்கே சகதாய் நிலம். கான்சுவையும் உய்குர் பக்கத்தையும் குப்லாயின் ஆட்கள் முதல் வருடத்திலேயே அடைத்துவிட்டார்கள். அங்கே அரிக் போகேக்காகப் போராடிய அலாந்தார், ஹுந்துகாய் என்ற இரண்டு தளபதிகள் 1260-லேயே தோற்றுக் கொல்லப்பட்டார்கள். காரகோரத்தில் இருக்க முடியாமல் அரிக் போகே யெனிசெய் பக்கம் ஒதுங்கினார். அங்கே விவசாயம் கொஞ்சம் உண்டு, ஒரு பெரும்படைக்குப் போதாது.

குதிரைமேல் பிறந்து குதிரைமேல் வளர்ந்தவர்கள் என்று மங்கோலியரைப் பற்றிப் பேசுகிறோம். ஐம்பது வருடத்தில் அவர்களுடைய தலைநகர் எருது வண்டியை நம்பிப் பிழைக்கும் நிலைக்கு வந்திருந்தது.

பெரிய போர்க்களங்கள் எவை?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. 1260 குளிர்காலத்தில் யெனிசெய் பக்கமிருந்து அரிக் போகே சமாதானத் தூது விட்டார்: தவறு நடந்துவிட்டது, குதிரைகள் கொழுத்ததும் வந்து பணிகிறேன் என்று. குப்லாய் அதை நம்பினாரோ நம்புவதுபோல் நடித்தாரோ, யெசுங்கே என்ற இளவரசரைக் காவலுக்கு வைத்துவிட்டுத் தெற்கே போனார். 1261 இலையுதிர் காலத்தில் குதிரைகள் கொழுத்தன. அரிக் போகே வந்தார், பணிவதற்கு இல்லை. யெசுங்கேயின் படையைச் சிதறடித்துக் கோபி பாலைவனத்தைத் தாண்டித் தெற்கே பாய்ந்தார்.

நவம்பர் இறுதியில் ஷிமுல்தாய் என்ற இடத்தில் குப்லாய் அவரைத் தோற்கடித்தார். பத்து நாள் கழித்து மறுபடி மோதல், இந்த முறை வெற்றி தோல்வி இல்லை. அதோடு இரண்டு தரப்பும் பின்வாங்கின. நேருக்கு நேர் நடந்த பெரிய சண்டைகள் இவ்வளவுதான்.

குப்லாய் ஏன் அப்போதே துரத்திப் போய் முடிக்கவில்லை?

வீட்டுக்குள் தீப்பிடித்தது. 1262 தொடக்கத்தில் ஷாந்தோங்கில் மங்கோலியருக்குக் கீழ் இருந்த சீனத் தளபதி லி தான் சோங் அரசின் பக்கம் தாவிக் கலகம் செய்தார். குப்லாயின் முக்கிய அமைச்சர் வாங் வென்தோங் லி தானின் மாமனார் என்பதால் அவர் தலையும் போனது. கோடைக்குள் கலகம் அடங்கிவிட்டது. ஜினான் நகர முற்றுகையில் லி தான் ஏரியில் குதித்தார், நீர் ஆழமில்லாமல் பிடிபட்டார், கொல்லப்பட்டார். அதன் பிறகு சீன அதிகாரிகள்மேல் குப்லாய்க்கு இருந்த நம்பிக்கை குறைந்தது.

அல்கூ யார்? அவர் துரோகியா?

இந்தப் போரின் திருப்புமுனையே அவர்தான்.

சகதாய் நிலத்தின் தானியமும் வரியும் யாருக்கு என்பதில் இருவரும் கண் வைத்தார்கள். குப்லாய் தன் ஆளாக அபிஷ்கா என்ற இளவரசரை அனுப்பினார். வழியிலேயே மடக்கிப் பிடித்தார்கள். பின்னால் கொன்றும்விட்டார்கள். அரிக் போகே தன் ஆளாக சகதாயின் பேரன் அல்கூவை அனுப்பினார். தானியமும் ஆயுதமும் அனுப்பு, ஹுலாகுவோ பெர்கேயோ அந்தப் பக்கமாக வராமல் பார்த்துக்கொள் என்பது உத்தரவு. அல்கூ போனார், ஆட்சியைப் பிடித்தார், படை சேர்த்தார்.

கொஞ்ச நாளில் அரிக் போகேயின் தூதர்கள் வரி வசூலிக்க வந்தார்கள். பொருள், குதிரை, ஆயுதம் என்று ஏராளமாகச் சேர்த்துவிட்டார்கள். குவிந்த பொருளைப் பார்த்ததும் அல்கூவுக்கு விட மனமில்லை. ஏதேதோ சொல்லித் தாமதப்படுத்தினார். அரிக் போகேயின் ஆணைப்படி நாங்கள் சேர்த்தது, இதில் அல்கூவுக்கு என்ன வேலை என்று தூதர்கள் கேட்டது காதுக்கு வந்ததும் அவர்களைச் சிறையில் போட்டு, பிறகு கொன்று, பொருளைத் தன் படைக்குப் பங்கிட்டார். இனி அந்தப் பக்கம் போக வழி இல்லை என்பதால் குப்லாயை ஆதரிப்பதாக அறிவித்தார்.

துரோகம்தான். ஆனால் சொந்த மக்களிடம் சுரண்டி எங்கோ நடக்கும் போருக்கு அனுப்ப மறுத்த உள்ளூர்த் தலைவர் என்றும் அவரைப் பார்க்கலாம். ராணி ஒர்கானாவையும் பிற்பாடு அவரே மணந்துகொண்டார்.

அரிக் போகே அல்கூவை விட்டுவைத்தாரா?

இல்லை, கோபத்தில் கணக்கைத் தப்பாகப் போட்டார். எதிரி கிழக்கே இருக்க, படையை மேற்கே திருப்பி இலி பள்ளத்தாக்கின் அல்மாலிக் நகரைப் பிடித்து 1263–64 குளிர்காலத்தை அங்கே கழித்தார். அல்கூவின் ஆட்களைக் கண்மண் தெரியாமல் கொன்று குவித்தார். செங்கிஸ் கானின் சொந்தப் படையினரையே இப்படிக் கொல்கிறாரே என்று அவருடைய தளபதிகளே முகம் சுளித்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வீரர்கள் குதிரைகளுக்கு வாற்கோதுமைக்குப் பதில் கோதுமையைப் போட்டார்கள். வசந்தம் வந்தபோது ஊர் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் அரிக் போகே விருந்தில் இருந்தபோது சூறைக்காற்று ஒன்று கிளம்பி ஆயிரம் முளையடித்த அரசக் கூடாரத்தைக் கிழித்து நடுக்கம்பத்தை முறித்துப் போட்டது. பலருக்குக் காயம். அபசகுனம் என்று மிச்சமிருந்தவர்களும் முடிவு கட்டினார்கள். மோங்கேயின் மகன் உருங்தாஷ், அரிக் போகேயிடம் இருந்த தன் தந்தையின் பச்சைக்கல் முத்திரையைக் கேட்டு ஆள் அனுப்பினார். அரிக் போகே கொடுத்துவிட்டார். உருங்தாஷ் முத்திரையோடு குப்லாயிடம் போய்ச் சேர்ந்தார். பேரரசரின் முத்திரையையே எடுத்துக் கொடுத்தவர் தோற்றுவிட்டதைத் தானே ஒப்புக்கொண்டார் என்றுதான் அர்த்தம்.

சரணடைந்த அன்று என்ன நடந்தது?

1264 ஆகஸ்ட். ரஷீத் அல்-தீன் விவரமாகச் சொல்கிறார். குற்றவாளி வந்தால் செய்யும் வழக்கப்படி, வாசல் திரையை அரிக் போகேயின் தோள்மேல் போர்த்தி, அந்தக் கோலத்திலேயே வணங்க வைத்தார்கள். உள்ளே விட்டதும் எழுத்தர்கள் நிற்கும் இடத்தில் நின்றார். குப்லாய் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பப் பாசம் பொங்கி வந்தது. தம்பி அழுதார், அண்ணன் கண்ணிலும் நீர். கண்ணைத் துடைத்துக்கொண்டு குப்லாய் கேட்டார்: இந்தச் சண்டையில் நியாயம் யார் பக்கம், உன் பக்கமா, எங்கள் பக்கமா?

அன்று எங்கள் பக்கம், இன்று உங்கள் பக்கம் என்றார் அரிக் போகே.

அதே சபையில் இன்னொரு பேச்சும் நடந்தது. அபிஷ்காவின் சகோதரர் அசுதாயைப் பார்த்து, என் உடன்பிறந்தவனைக் கொன்றது நீதானே என்றார். அன்றைக்கு அரசராக இருந்த அரிக் போகே சொன்னார், செய்தேன், இன்றைக்குக் குப்லாய் அரசர், அவர் சொன்னால் உன்னையும் கொல்வேன் என்று பதில் வந்தது.

இதை எழுதியவர் ஹுலாகுவின் வாரிசுகளிடம், அதாவது குப்லாயின் கூட்டாளிகள் அரண்மனையில், சம்பளம் வாங்கிய அமைச்சர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவரே அரிக் போகேயின் பதிலை மழுப்பாமல் எழுதி வைத்திருக்கிறார்.

தண்டனை?

போல்காய் உட்பட ஆலோசகர்கள் பத்துப் பேருக்கு மரணம். அரிக் போகேயைக் குப்லாய் ஒரு வருடம் கண்ணெதிரே வரவிடவில்லை. தம்பியின் தலைவிதியைத் தனியாக முடிவு செய்ய விரும்பாமல் ஹுலாகு, பெர்கே, அல்கூ மூவரிடமும் கருத்துக் கேட்டு அனுப்பினார். அவர்கள் வந்து கூடுவதற்குள் ஹுலாகு 1265-ல் இறந்தார், மற்ற இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அரிக் போகே 1266-ல் காவலில் நோயால் இறந்தார் என்பது அதிகாரபூர்வக் கதை. விஷம் என்ற சந்தேகம் இன்றுவரை உண்டு.

ஹுலாகுவுக்கும் பெர்கேவுக்கும் நடந்த போர் இதில் சேர்த்தியா?

தனிப் போர், ஆனால் ஒட்டிப் பிறந்தது. அஜர்பைஜான் பக்கத்து மேய்ச்சல் நிலம் யாருக்கு என்ற பழைய தகராறு, பாக்தாதில் ஹுலாகு கலீபாவைக் கொன்றதால் முஸ்லிமான பெர்கேவுக்கு இருந்த கோபம், இரண்டும் சேர்ந்து 1262-ல் வெடித்தன. பேரரசர் ஒருவர் இருந்திருந்தால் தீர்த்துவைத்திருப்பார். அந்த நாற்காலிக்கே போட்டி நடந்தபோது யாரிடம் போவது? 1263 ஜனவரியில் தெரெக் ஆற்றங்கரையில் ஹுலாகுவின் படை தோற்று, உறைந்த ஆற்றின் பனி உடைந்து பலர் மூழ்கினார்கள். இதற்குள் பெர்கே எகிப்தின் மம்லூக் சுல்தானோடு கைகோத்திருந்தார், தன் சித்தப்பா மகனுக்கு எதிராக.

மம்லூக்குகள் 1260 செப்டம்பர் 3-ல் அய்ன் ஜாலூத்தில் மங்கோலியரை வென்றதற்கும் மோங்கேயின் மரணம் ஒரு காரணம். செய்தி வந்ததும் ஹுலாகு பெரும்படையோடு கிழக்கே திரும்பிவிட்டார், அங்கே நின்றது சிறு படை.

அப்படியானால் 1264-க்குப் பிறகு பேரரசு ஒன்றுசேர்ந்ததா?

பெயரளவில்தான். குப்லாய் 1271-ல் யுவான் என்ற வம்சப் பெயரை எடுத்தார், 1279-க்குள் சீனா முழுவதையும் பிடித்தார். தலைநகர் இன்றைய பெய்ஜிங்குக்குப் போனது. மத்திய ஆசியாவில் கைது பணிய மறுத்து, 1301-ல் இறக்கும்வரை குப்லாயோடும் அவருக்குப் பின் வந்தவரோடும் மோதிக்கொண்டே இருந்தார். மேற்கே பொன் குழு தன் வழியில் போனது.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

சுற்றிவளைத்து ஒன்று உண்டு. குப்லாய் பாரசீகத்துக்கு ஒரு மணப்பெண்ணை அனுப்ப வேண்டியிருந்தது. தூதர்கள் நிலவழியில் கிளம்பி, மங்கோலிய அரசர்களின் சண்டையால் பாதை அடைபட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். அதனால்தான் கடல்வழி. அந்தக் கப்பலில் ஊர் திரும்பிய மார்கோ போலோ பாண்டிய நாட்டுக் கடற்கரையையும் காயல் துறைமுகத்தையும் பற்றி எழுதினார். சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் ‘செகசை கான்’ நலம் வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் உள்ளது. செகசை கான் குப்லாய்தான் என்பது பரவலான கருத்து.

அரிக் போகேயின் வம்சம் என்ன ஆயிற்று?

அழியவில்லை. 1335-ல் பாரசீகத்தில் ஹுலாகுவின் நேர் வாரிசு இல்லாமல் போனபோது அர்பா என்ற அரிக் போகே வம்சத்தவர் சில மாதம் அரியணையில் இருந்தார். யுவான் அரசு சீனாவிலிருந்து துரத்தப்பட்டு மங்கோலியாவுக்குத் திரும்பிய பிறகு, 1388-ல், குப்லாய் வம்சத்து தோகுஸ் தெமுர் சீனாவின் புதிய மிங் அரசின் படையிடம் தோற்றுத் தப்பி ஓடிக்கொண்டிருந்தார். துவுல் ஆற்றுப் பக்கம் அவரை மடக்கிக் கொன்று பட்டத்தை எடுத்துக்கொண்டவர் யெசுதெர். தான் அரிக் போகேயின் வழி வந்தவன் என்று அவர் சொல்லிக்கொண்டார்.